அறியாப் பல்

வாய்க்கரிசி போடுவதற்கு முன் "பல்லை எடுத்தாச்சா?" என்று கேட்பது இப்போதெல்லாம் கோயம்புத்தூரில் சாவு வீட்டு மரியாதை. பிணத்தைக் குளிப்பாட்டியதும் பல் மருத்துவர் வருவார். ஐந்து நிமிடத்தில் வேரைத் திருகி எடுத்து, செப்புச் சிமிழில் போட்டு வாரிசின் கையில் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் அரிசி. அவசரத்தில் அரிசியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் வாயைத் திறந்து துழாவிய குடும்பங்களும் உண்டு. அவர்களைச் சொல்லிச் சொல்லி ஊர் இன்னும் சிரிக்கிறது.

அப்படி ஒரு சிமிழ், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, சரவணம்பட்டி வேரொலி நிலையத்தில் தமயந்தியின் மேசைக்கு வந்தது. தமயந்திக்கு ஐம்பத்து மூன்று வயது. நிலையத்தின் மூத்த அளவையாளர். இடது மணிக்கட்டில் பச்சை நூலில் காப்புக் கட்டியிருந்தாள். அன்றோடு அறுபத்தோராம் நாள்.

காப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பல் விழுந்த இடத்தில், தாடை எலும்புக்குள் டைட்டானிய வேர் ஒன்றைத் திருகிப் பொருத்துவது பழைய வைத்தியம். வேரின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும்; வழுக்குக் கம்பத்தில் அவரைக்கொடி ஏறாது, வழவழப்பான வேரை எலும்பும் பிடிக்காது. எலும்பு பிடிக்கத் தொண்ணூறு நாள் ஆகும். அந்தத் தொண்ணூறு நாளும் வேரின்மேல் மெல்லிய தோல் ஒன்று வளர்கிறது, இரும்பில் துரு ஏறுகிற மாதிரி. பேசும்போது தாடை அதிர்கிறது. அதிர்வு அந்த வளரும் தோலில் அலை அலையாகப் பதிகிறது. எலும்பு முழுக்க மூடிக்கொண்டதும் தோல் வளர்வது நின்றுவிடும். பதிந்தது பதிந்ததுதான்.

நெடுங்காலம் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது. வேரை அளக்கும் வரிமானி இரண்டு விஷயங்களைப் பிரித்துத் தரும். நெருக்கமான சின்னக் கீறல்களுக்குச் சொரசொரப்பு என்று பெயர். நீளமான ஏற்ற இறக்கங்களுக்கு அலைவு என்று பெயர். சொரசொரப்பை எழுதிக்கொள்வார்கள், அலைவைக் குப்பையில் தள்ளுவார்கள். பதினான்கு வருடங்களுக்கு முன் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, இறந்தவர் ஒருவரின் வேரிலிருந்து எடுத்த அலைவை விளையாட்டாக ஒலிபெருக்கியில் கொடுத்துப் பார்த்தாள். "கொழம்புல உப்பே இல்ல" என்று ஓர் ஆண் குரல் சலித்துக்கொண்டது. அதோடு எல்லாம் தலைகீழாகிப் போனது. இப்போது அலைவைப் போற்றுகிறோம், சொரசொரப்பைக் குப்பையில் தள்ளுகிறோம்.

புதிதாக வேர் வைத்துக்கொண்டவர்கள் அதற்கப்புறம் வாய்க்கு வந்ததைப் பேசுவதில்லை. காப்புக் கட்டிக்கொண்டு தொண்ணூறு நாள் பேச்சு நோன்பு. முப்பது வருடமாக "ஏய்" என்றே பெண்டாட்டியைக் கூப்பிட்ட மனிதன் "கண்ணு" என்பான். மருமகள் சமையலை மாமியார் வாயாரப் புகழ்வாள். காப்பு அறுத்த மறுநாள் அதே வீட்டிலிருந்து கிளம்புகிற வசவைத் தெருவே நின்று கேட்கும். "பல்லுக்குப் பேசாதே" என்று புதுச் சொலவடையே பிறந்துவிட்டது. வேஷம் போடாதே என்று அர்த்தம். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்றார்கள் அந்தக் காலத்தில். இப்போது ஆள் போனாலும் பல்லில் சொல் நிற்கிறது, என்ன, பாதிக்கு மேல் பூச்சு.

அதனால் பழைய பல்லுக்குத்தான் மதிப்பு. பதினான்கு வருடத்துக்கு முன்னால் வைத்தது அறியாப் பல். தன் பேச்சு பதிகிறது என்று தெரியாமல் பேசியவரின் பல். பின்னால் வைத்தது அறிந்த பல். அறிந்த பல்லைக் கேட்டுக் குடும்பம் அழும். அறியாப் பல்லைத்தான் நம்பும்.

"இருபத்தாறு வருசத்துப் பல்லுங்க மேடம். அறியாப் பல்லு," என்றாள் சிமிழைக் கொண்டுவந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். படிவத்தில் நிறைமதி என்று எழுதியிருந்தாள். "எங்கய்யனுதுங்க. போன வாரம் காலமாயிட்டாரு."

தமயந்தி வேரை இடுக்கியால் எடுத்து வரிமானியின் தட்டில் வைத்தாள். திரையில் வேரின் கழுத்து பெரிதாகத் தெரிந்தது. கழுத்தில் தொகுதி எண் பொறித்திருந்தது. 417.

இருபத்தாறு வருடமாக அந்த எண் போட்ட பேருந்து வந்தால்கூட ஏறாமல் அடுத்ததற்கு நிற்கிறவள் தமயந்தி.

"அய்யன் பேரு?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

"ஆறுச்சாமிங்க. குறிச்சியில வேர்ப்பல் கம்பெனியில அமிலத் தொட்டியில இருந்தாரு. இந்தத் தொழில்ல இருக்கறவிய எல்லாருக்கும் தெரியுமுங்க. ரெண்டுதாட்டி ஆறுச்சாமிம்பாங்க." நிறைமதி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பள்ளிக்கூடத்துல என்னையும் ரெண்டுதாட்டி பொண்ணுன்னுதான் கூப்புடுவாங்க. வாத்தியாரு வருகைப் பதிவுல என் பேரை மட்டும் ரெண்டு தாட்டி வாசிப்பாருங்க. வகுப்பே சிரிக்கும்."

தாட்டி என்றால் அந்தப் பக்கத்தில் தடவை. அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்பது தமயந்தியை விட நன்றாக யாருக்கும் தெரியாது. அதைச் செய்து கொடுத்தவளே அவள்தான்.

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது, அதே கம்பெனியில் அளவைப் பிரிவு. கடைசல் எந்திரத்தில் கடைந்த வேர்களை ஆறுச்சாமி தட்டுத் தட்டாக அமிலத்தில் முக்கி எடுப்பார். அமிலம் அரித்துத்தான் சொரசொரப்பு வரும். ஒவ்வொரு தொகுதியிலும் பன்னிரண்டு வேரைப் பொறுக்கி எடுத்து அவள் அளக்க வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். 417ஆம் தொகுதி வந்தது தீபாவளிக்கு முந்தின நாள் மதியம். தட்டின் ஓரத்தில் கைக்கு எட்டிய வேர் ஒன்றை அளந்தாள், அருமையாக இருந்தது. மீதிப் பதினொன்றையும் உட்கார்ந்த இடத்தில் முன்னே பின்னே மாற்றி எழுதினாள். அளவைக்காரர்கள் இதற்கு மேசையளவு என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் செய்வதுதான். மூன்றரை மணிப் பேருந்தில் ஊருக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு வந்த அமிலம் வீரியம் குறைந்தது. தட்டின் ஓரத்தில் அரித்தது, நடுவில் அரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் எட்டுப் பேருக்கு வேர் ஆட்டம் கண்டு, சீழ் வைத்துக் கழன்று வந்தது. மற்றவர்களுக்கு எலும்பு பெரிய மனது பண்ணிப் பிடித்துக்கொண்டது. விசாரணை வைத்து மிச்சமிருந்த வேர்களை அளந்து பார்த்தார்கள். வழவழவென்று இருந்தது. தமயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நான் அளந்தப்ப சரியாத்தான் இருந்தது. அதுக்கப்புறம் மறுபடியும் அமிலத்துல முக்கியிருக்கணும். ரெண்டாம் தடவை முக்கினா மேடெல்லாம் கரைஞ்சு போயிடும்," என்றாள். குரல்கூட நடுங்கவில்லை. பன்னிரண்டு எண்களும் காகிதத்தில் அவள் பக்கம் நின்றன. ஆறுச்சாமியின் பக்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு தடவை முக்கிய வேரில் கடைசல் வரிகள் கரைந்து போயிருக்கும். அரைகுறையாக ஒரு தடவை முக்கியதில் அந்த வரிகள் அப்படியே தெரியும். பார்க்கத் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். பார்க்கச் சொல்லி அவள் சொல்லவில்லை.

"எங்கய்யன் அப்புடிச் செய்யற ஆளே இல்லீங்க," என்று நிறைமதி சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கம்மா சாகற வரைக்கும் அதையேதான் சொல்லுச்சு. அவருகிட்டக் கேட்டா வாயே தொறக்க மாட்டாரு. இந்தப் பல்லும் அந்தத் தொகுதிதானுங்க. கம்பெனிக்காரவிய சும்மா வெச்சுவுட்டது. வெச்ச எழுவதாம் நாளு விசாரணை. அப்ப மனசுக்குள்ள இருந்ததை எங்கியாச்சும் பேசியிருப்பாரில்லீங்க? ஞாயித்துக்கெழமை கருமாதி. சனம் பூரா வரும். அத்தனை பேரு முன்னாலயும் போட்டுக் காட்டோணும். எங்கய்யன் பேரை மட்டும் எடுத்துக் குடுங்க மேடம், போதும்."

தமயந்தியின் கை வரிமானியின் வெட்டுத் திருகியில் இருந்தது. சொரசொரப்பையும் அலைவையும் பிரிக்கிற திருகி அது. ஒரு பக்கம் திருப்பினால் குரல் வரும். இன்னொரு பக்கம் திருப்பினால் வெறும் இரைச்சல். எந்தப் பக்கம் திருப்புகிறாள் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது.

அவள் இரைச்சல் பக்கம் திருப்பினாள்.

ஒலிபெருக்கியில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அரை நிமிடம் ஓடவிட்டாள்.

"பதியலை போலிருக்கு அம்மிணி. சில பல்லுல பதியறதில்லை," என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் அவளுடைய கீழ்த்தாடையின் இடது பக்கம் குறுகுறுத்தது. அறுபத்தொரு நாள் வயதுடைய அவளுடைய சொந்த வேர். இரண்டு மாதமாக அதற்கு அவள் என்னென்ன ஊட்டியிருந்தாள்! நேர்மையாக இரு என்று மகனுக்குத் தொலைபேசியில் அறிவுரை. அளவில் தவறக்கூடாது என்று நிலையத்துப் புதியவர்களுக்குப் பாடம். அந்த வரிசையில் இப்போது இந்தப் பொய்யும் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் செத்த பிறகு மகன் இதைக் கேட்பான். யாரிடம் சொன்னாள், எதற்குச் சொன்னாள் என்று தேடுவான்.

நிறைமதி சிமிழின் மூடியைத் தேடி எடுத்தாள்.

"இருங்க, இன்னொரு தடவை பாக்கலாம்," என்றாள் தமயந்தி. திருகியை மறுபக்கம் திருப்பினாள். மனசாட்சி குத்தித் திருப்பவில்லை. தன் பல்லுக்குப் பயந்து திருப்பினாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது, அதனால் இன்னும் கூசியது.

கரகரப்புக்கு நடுவில் ஆறுச்சாமி பேசினார்.

"நெறமதி, எந்திரி கண்ணு. பஸ்ஸு வந்துரும். பல்லு வெளக்கு மொதல்ல."

எதிரே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தமயந்தி நாட்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அறுபது. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டாம் நாளில் நிறுத்தினாள். குரல் மாறியிருந்தது. தனியாக நடந்துகொண்டே பேசுகிற குரல்.

"எப்ப முக்குனேன்? தீபாவளிக்கு மொத நாளு... மத்தியானம் தட்டை எடுத்து வெச்சேன். கை கழுவுனேன். அப்பறம்? அப்பறம் என்ன பண்டினேன்? நாபகமே வரமாட்டீங்குது. தமயந்தி அம்மிணி பன்னெண்டையும் அளந்து எழுதியிருக்குது. கணக்கா எழுதற புள்ளை, அது தப்பா எழுதாது. அப்ப நாந்தே. நாந்தே எங்கியோ மறந்துபோட்டு ரெண்டாந்தாட்டி முக்கியிருக்கறேன். எட்டுப் பேரு வாயி வெந்து போச்சே சாமீ. எப்ப முக்குனேன்?"

அதற்கப்புறம் பதினெட்டு நாள் பதிவு இருந்தது. பதினெட்டு நாளும் அவர் அதையேதான் தேடிக்கொண்டிருந்தார். கை கழுவினேன், அப்புறம் என்ன செய்தேன். தொண்ணூறாம் நாளும் அதே கேள்விதான், பாதியில் நின்றது.

தமயந்தி தன்னை அவர் திட்டியிருப்பார் என்று நினைத்திருந்தாள். இருபத்தாறு வருடமாக அந்தத் திட்டுக்குத்தான் பயந்திருந்தாள். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நிறைமதி மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"அது நீங்களா மேடம்?"

"ஆமா."

"எங்கய்யன் உங்களை எத்தனை மதிச்சிருக்காரு பாருங்க," என்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, குரல் மட்டும் அமைதியாகிவிட்டது. "நாங்கதான் தெரியாம அந்த அளவுக்காரம்மா மேல பழி சொல்லிட்டுத் திரிஞ்சோம். எங்கம்மா மண்ணை வாரித் தூத்துச்சு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

தமயந்திக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. இனி அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்திரமாகத் தப்பித்துவிட்டாள். அறியாப் பல்லே அவளுக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

"அம்மிணி," என்றாள். "உங்கய்யன் ரெண்டு தாட்டி முக்கலை."

நிறைமதி நிமிர்ந்தாள்.

"நான் பன்னெண்டு வேரை அளக்கோணும். ஒண்ணைத்தான் அளந்தேன். பதினொண்ணு நானா எழுதினது. மாட்டிக்குவேன்னு பயந்து, விசாரணையில அவர் மேல பழியைத் தள்ளிவிட்டேன். தப்பெல்லாம் என்னுது. உங்க அம்மா தூத்தின மண்ணு சரியான எடத்துலதான் விழுந்திருக்கு."

பக்கத்து மேசையில் ரங்கதுரை, அவரும் அளவையாளர்தான், எழுதுவதை நிறுத்திவிட்டார். நிறைமதி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பார்வை மெல்ல இறங்கி மணிக்கட்டில் நின்றது.

"காப்புக் கட்டியிருக்கீங்களா மேடம்? எத்தனாவது நாளுங்க?"

"அறுபத்தொண்ணு."

"ம்," என்றாள் நிறைமதி. கோபமில்லை. நோயாளிக்குச் சொல்கிற மாதிரி இதமாகச் சொன்னாள். "நல்ல மனசுங்க உங்களுக்கு. நான் அழுகறதைப் பாத்துட்டு, பழியை உங்க மேல இழுத்துப் போட்டுக்கறீங்க. உங்க பல்லுக்கும் அழகா இருக்கும். ஆனா வேண்டாமுங்க. பல்லுக்குப் பேசி எங்கய்யனைக் காப்பாத்த வேண்டாம்."

"பல்லுக்குப் பேசலை அம்மிணி, இது நெசம்!"

"அவருது அறியாப் பல்லுங்க. அது பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லலை. அவரு நம்பினதைச் சொல்லுது. நான் எழுதின பொய்யை அவரு நம்பிட்டாரு, தன் கையைவிட என் எழுத்தை நம்பிட்டாரு. இங்க பாருங்க." தமயந்தி திருகியை மறுபடி சொரசொரப்புப் பக்கம் திருப்பினாள். குரல் அடங்கி, திரையில் வேரின் மேற்பரப்பு வயல் மாதிரி விரிந்தது. உழுத சால்கள் போலக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, ஓரம் மழுங்காமல் கிடந்தன. "இது லேத்துல கடைஞ்ச வரி. ரெண்டு தாட்டி முக்கியிருந்தா இது ஒண்ணுகூட இருக்காது. உங்கய்யன் ஒரே தாட்டிதான் முக்கியிருக்காரு. அமிலம்தான் சரியில்லை. இது அவரு வாயிலயே இருபத்தாறு வருசம் இருந்திருக்கு."

நிறைமதி திரையைப் பார்த்தாள், மரியாதைக்காக.

"கோடு எனக்கென்னங்க தெரியும்? எங்கய்யன் குரல் தெரியும்," என்றாள். "அந்தக் கோட்டையும் நீங்கதானே அளந்து சொல்றீங்க?"

தமயந்தி வரிமானிப் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு இடத்தில் அளந்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். இந்தத் தடவை பன்னிரண்டும் உண்மையாகவே அளந்தது. நிறைமதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். படிக்கவில்லை.

"கருமாதியில அந்தக் கடைசிப் பேச்சைப் போடலைங்க," என்றாள் எழுந்து. "பஸ்ஸு வந்துரும், எந்திரி கண்ணுன்னாரே, அதை மட்டும் போட்டுக்கறேன். ரெண்டுதாட்டின்னு யாராச்சும் சொன்னா இனி சண்டைக்குப் போக மாட்டேன். அவரே ஒத்துக்கிட்டப்பறம் நான் என்னத்தைச் சொல்றது? போயிட்டு வர்றனுங்க மேடம்."

அவள் சிமிழை எடுத்துக்கொண்டு போன பிறகு தமயந்தி வரிமானியை அணைத்தாள். காலையில் இந்த வாசலுக்குள் நுழையும்போது உலகத்தில் நிறைமதி ஒருத்தியாவது ஆறுச்சாமி தப்புச் செய்யவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் இல்லை. பதியவில்லை என்று சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் திரும்ப எடுக்காமல் விட்டிருந்தால், அந்த நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கருமாதிக்கே போய் எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று யோசித்தாள். காப்பைப் பார்ப்பார்கள். அறுத்துவிட்டுப் போனாலும் மணிக்கட்டில் வெளுத்த தடம் இருக்கும்.

எதிரே நிறைமதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர் டம்ளர் இருந்தது. அதன் அடியில் நான்காக மடித்த காகிதம். பன்னிரண்டு அளவுகளும் அதற்குள்தான் இருந்தன. தமயந்தி அதை எடுத்துப் பிரித்து, ஈரத்தைத் துடைத்தாள்.

ரங்கதுரை மெதுவாக எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், இந்த நெலையத்துல எத்தனையோ பேரு காப்புக் கட்டிப் பேசிக் கேட்டிருக்கேன். இந்த மாதிரி ஒருத்தரும் பேசினதில்லீங்க. உங்க பையன் கேக்கறப்ப ஆடிப் போயிருவாப்ல."

"அது நெசம், ரங்கதுரை," என்றாள் தமயந்தி.

"அங்கதாங்க நிக்கறீங்க நீங்க," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கடைசியில தணிஞ்ச குரல்ல அந்த 'நெசம்' சொன்னீங்க பாருங்க, அதுக்கு மேல ஒண்ணுமே பேச வேண்டாம். அதோட விட்டுருங்க."

காப்பு அறுக்க இன்னும் இருபத்தொன்பது நாள் இருந்தது.